பழைய எம்எம் 540 ஜீப்புக்கு ஹார்ட் டாப் போடலாமா, சாஃப்ட் டாப்பிலேயே தொடரலாமா?

தண்டையார்பேட்டை 540

அனைவருக்கும் வணக்கம். சித்தப்பா ஓட்டிக்கொண்டிருந்த மஹிந்திரா எம்எம் 540 ஜீப் இப்போது என்னிடம் இருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பதிவான வண்டி. பியூஷோ டீசல் இன்ஜின் இன்றும் சலிக்காமல் இழுக்கிறது. நான்கு சக்கர இழுவையும் சரியாக விழுகிறது. ஆர்சியும் முறையாகப் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. குறை முழுவதும் கூரையில்தான். சாஃப்ட் டாப் என்கிற ரெக்ஸின் துணிக் கூரை, அதாவது ஹூட், மடிப்பு விழும் இடங்களிலெல்லாம் வெடித்துவிட்டது. பக்கத் திரைகளில் உள்ள பிளாஸ்டிக் தாள் மஞ்சளேறி, அருகில் வருவது லாரியா பேருந்தா என்று ஊகித்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது. மழை பெய்தால், முன்கண்ணாடிச் சட்டமும் ஹூட்டும் சேரும் விளிம்பிலிருந்து தண்ணீர் நேராக ஓட்டுபவரின் மடியில் சொட்டுகிறது.

வீடு தண்டையார்பேட்டையில், எண்ணூர் விரைவுச் சாலையிலிருந்து நடந்து போகும் தொலைவில் இருக்கிறது. ஷெட் கிடையாது, இரவும் பகலும் வண்டி தெருவோரம்தான் நிற்கும். உப்புக் காற்றும், துறைமுகத்துக்குப் போய்வரும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியும் அதன்மேல் ஓயாமல் படிகின்றன. வார நாட்களில் மணலிக்கு வேலைக்குப் போகிறேன். விடுமுறையில் குடும்பத்தோடு பழவேற்காட்டுக்கும், நண்பர்கள் சேர்ந்தால் தடா, நாகலாபுரம் பக்கத்து மலையடிப் பாதைகளுக்கும் போகிறேன்.

என் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. குஷன் கடையில் புதிதாக ஹூட் தைத்துக்கொள்ளலாம். ஹார்ட் டாப், அதாவது ஃபைபரில் வார்த்த கெட்டிக் கூரை, வாங்கிப் பொருத்தலாம். அதற்குச் சொல்லப்பட்ட விலை ஹூட்டைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. தகட்டிலேயே கூரை அடித்துத் தருவதாக எங்கள் தெரு முனையில் உள்ள டிங்கர் சொல்கிறார். ஏசி இல்லாமல் இனிமேல் அந்த வண்டியில் ஏறுவதில்லை என்று வீட்டில் உறுதியாகச் சொல்லிவிட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வடசென்னையின் காற்றையும் தெருவையும் அறிந்தவர்கள் தங்கள் கருத்தை எழுதினால் உதவியாக இருக்கும்.

ஒற்றியூரான்

தம்பி, நான் சாஃப்ட் டாப் கட்சி. ஆனால் குஷன் கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டும் துணியை அப்படியே ஏற்றுக்கொள்ளும் சாஃப்ட் டாப்பைச் சொல்லவில்லை. நம் பகுதியில் ஹூட் சீக்கிரம் வீணாவதற்குத் துணி, நூல், பட்டன் ஆகிய மூன்றையும் ஆராயாமல் தைத்துவிடுவதே காரணம் என்பது என் எண்ணம்.

உங்கள் பழைய ஹூட்டின் ரெக்ஸின், துணியின்மேல் பிவிசி பூசிய வகை. அந்தப் பூச்சை வளையச் செய்யும் சேர்மானம் வெயிலில் மெல்ல மெல்ல வெளியேறிவிடும். அதன் பிறகு மடிக்கிற இடத்தில் வெடிப்பு விழுவதை யாராலும் தடுக்க முடியாது. கார் சீட்டுக்குப் பயன்படுத்தும் மெல்லிய ரெக்ஸினில் இது விரைவில் நிகழும். லாரிப் படுதாவுக்குப் பயன்படும் கனமான, உள்ளே பாலியஸ்டர் இழை ஓடும் பூச்சுத் துணியில் மிகவும் தாமதமாக நிகழும். மாதவரம் லாரி நிலையத்தைச் சுற்றிப் படுதா வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். சீட் தைப்பவரைவிட அவர்களுக்கு இந்தத் துணியின் போக்கு நன்றாகத் தெரியும். பருத்திக் கேன்வாஸ் நனைந்தால் இழை உப்பித் தையல் துளைகளைத் தானே அடைத்துக்கொள்ளும் என்பதும், உள்ளே புழுக்கம் குறைவாக இருக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் தெருவோரம் நனைந்துகொண்டே நிற்கும் வண்டியில் அது காய வாய்ப்பே இல்லாததால் பூஞ்சை பிடித்துக் கறுத்துவிடும். ஷெட் இல்லாதவருக்குக் கேன்வாஸை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நூலை மறந்துவிடாதீர்கள். துணி நன்றாக இருக்கும்போதே தையல் விட்டுப்போன ஹூட்டுகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நைலான் நூல் வெயிலில் வலுவிழக்கும், பருத்தி நூல் ஈரத்தில் மக்கும். தடித்த பாலியஸ்டர் நூலே இங்கே தாங்கும். இரும்பு பட்டன் கடற்காற்றில் துருவேறித் துணியில் பழுப்பு வட்டமிட்டுப் பின்பு பிய்த்துக்கொண்டு வந்துவிடும். பித்தளை பட்டன் கேளுங்கள். ஜிப் பிளாஸ்டிக் பல் உள்ளதாக இருக்கட்டும். தைப்பவர் பழைய ஹூட்டைத் தரையில் விரித்து அளவெடுத்தால் அந்த இடத்திலேயே தடுத்துவிடுங்கள். ஹூட் கம்பிகளை நிமிர்த்தி வண்டியில் பூட்டிய பிறகு, வண்டியின்மேல் துணியைப் போட்டுத்தான் அளவெடுக்க வேண்டும். உச்சி வெயிலில் இறுக்கித் தைத்தால் மார்கழிக் காலையில் பட்டன் எட்டாது. குளிரில் தைத்தால் சித்திரையில் தொய்ந்து, அந்தத் தொய்வில் மழைநீர் தேங்கும். இளவெயிலில் பொருத்திப் பார்ப்பதே சரி.

திருட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தெருவோரம் நிற்கும் சாஃப்ட் டாப் வண்டிக்குப் பூட்டு என்று ஒன்று இல்லை. ஒரு பிளேடு போதும். பின் பெஞ்சுக்கு அடியில் தகட்டுப் பெட்டி ஒன்றை வெல்டிங் செய்து, ஜாக்கி, கருவிகள், காகிதங்கள் எல்லாவற்றையும் அதில் பூட்டி வைக்கலாம். டாஷ்போர்டில் ஸ்டீரியோ வைக்க வேண்டாம்.

மணலி புதுநகர்

ஒற்றியூரான் அண்ணன் துணியைப் பற்றி எழுதியதில் ஒரு சொல்லையும் மறுக்க மாட்டேன். ஆனால் வினாவை எழுதியவர் தினமும் போகும் சாலை எனக்கும் தினசரிச் சாலை என்பதால், புழுதியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

செங்குத்தான பின்புறம் கொண்ட எந்த வண்டியும் ஓடும்போது, அதன் முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்த ஒரு பகுதி உருவாகிறது. சக்கரம் கிளப்பும் புழுதியும் சைலன்சர் விடும் புகையும் அந்த இடத்தில்தான் சுழன்றுகொண்டிருக்கும். பக்கத் திரைகளை மூடிவிட்டுப் பின்திரையை மட்டும் சுருட்டிக் கட்டினால், அவ்வளவும் உள்ளே இழுக்கப்பட்டுப் பயணிகளின் மூக்குக்கு வந்து சேரும். காற்றோட்டத்துக்காகப் பின்திரையைத் திறந்து வைப்பவர்கள் உண்மையில் டீசல் புகையைத்தான் சுவாசிக்கிறார்கள். பின் பெஞ்சில் குழந்தைகள் உட்கார்ந்தால் இது சாதாரண விஷயமில்லை. சாஃப்ட் டாப்பில் போவதானால் பின்திரையை மூடி, முன்பக்கத்திலிருந்து காற்று வரும்படி வைத்துக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்தாலும், பட்டனுக்கும் பட்டனுக்கும் இடையே உள்ள இடைவெளி வழியாக நிலக்கரித் தூசும் சாம்பலும் நுழையத்தான் செய்யும். ஹார்ட் டாப்பில் பின்கதவைச் சுற்றி ரப்பர் பீடிங் உயிரோடு இருக்கும்வரை இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது.

ஏசி வேண்டும் என்றால் கேள்வி ஏறக்குறைய அங்கேயே முடிந்துவிடுகிறது. அறுபது குதிரைத்திறனைச் சற்றே தாண்டும் இன்ஜினில் கம்ப்ரஸரை மாட்டி, அந்தக் குளிர்ச்சியைத் துணி இடுக்குகள் வழியாக வெளியேற்றுவதைவிட ஏசி போடாமலே இருந்துவிடலாம். ஆனால் வெறும் ஃபைபர் கூரையும் வெயிலில் தகிக்கும். உட்புறம் ஃபோம் ஒட்டினால்தான் ஏசி எடுக்கும்.

தகட்டுக் கூரையைத் தவிர்த்துவிடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. டிங்கர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், மழைநீர் வழிய வைக்கும் விளிம்பு மடிப்பின் உட்பக்கத்துக்குப் பெயின்ட் எட்டாது. உப்புக் காற்று அந்த மடிப்புக்குள்ளிருந்தே தின்னத் தொடங்கும். உள்ளே லைனிங் ஒட்டியிருந்தால் ஓட்டை விழும்வரை கண்ணுக்கும் தெரியாது. ஓடும்போது தகடு அதிர்ந்து எழுப்பும் இரைச்சல் வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக எடை இருக்கிறது. குறுகலான, உயரமான பழைய ஜீப்பின் உச்சியில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் பக்கச் சரிவில் வண்டியைக் கவிழ்க்கும் பக்கமே நிற்கும். நாகலாபுரம் பாதையில் ஒரு சக்கரம் பாறைமேல் ஏறும் வேளையில் இது புரியும்.

ஃபைபர் வாங்கும் முன் தொட்டியை, அதாவது பாடியின் பின்பகுதியை, மூலைக்கு மூலை குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒத்துப்போகாவிட்டால் தொட்டி கோணியிருக்கிறது என்று பொருள். துணி அந்தக் கோணலைச் சகித்துக்கொள்ளும், ஃபைபர் சகித்துக்கொள்ளாது. இழுத்துப்பிடித்து போல்ட் போட்டால் முதல் மேடு பள்ளத்திலேயே மூலையில் கீறல் விழும்.

ஆவணம் முக்கியம்

இருவரும் வண்டியைப் பற்றி எழுதிவிட்டீர்கள். நான் காகிதத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாகப் பதிவுச் சான்றிதழின் விவரங்கள் அமைந்துவிடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அந்தப் பிரிவை இவ்வாறே வலியுறுத்தியது. ஆகவே முதல் வேலை, ஆர்சியை எடுத்து, பாடி வகை என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதுதான். அங்கே சாஃப்ட் டாப் என்றோ திறந்த பாடி என்றோ இருந்தால், நிலையான ஹார்ட் டாப்பைப் பொருத்துவதற்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டுக்கொள்வது நல்லது. பதினைந்து ஆண்டுகளைக் கடந்த வண்டி என்பதால், ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிப்புக்காகப் பிரேக் இன்ஸ்பெக்டர் முன் நிறுத்தியே ஆக வேண்டும். கடைக்காரர் சொல்லும் “யாரும் கேட்க மாட்டார்கள்” என்ற வாக்கு அங்கே செல்லாது. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் செய்த மாற்றம் விபத்துக்குப் பிறகு இழப்பீடு கேட்கும்போது தலைதூக்கும்.

மாருதி ஜிப்ஸி வைத்திருப்பவர்களுக்கு இதில் ஓரளவு நிம்மதி உண்டு. கம்பெனியே ஹார்ட் டாப், சாஃப்ட் டாப் ஆகிய இரு வடிவங்களிலும் விற்றதால், எதனோடு எது பொருந்தும் என்பதில் குழப்பமில்லை. அப்போதும் ஆர்சியில் உள்ள வடிவம்தான் கணக்கு.

இன்னொன்று கண்ணாடி. விலை குறைந்த ஃபைபர் டாப்புகளில் ஜன்னலுக்கு அக்ரிலிக் தாள் வைத்துத் தருகிறார்கள். அது கீறல் விழுந்து மங்கும், உடைந்தால் கூரிய சில்லாகும். பாதுகாப்புக் கண்ணாடிதான் வேண்டுமென்று கேளுங்கள். முன்னும் பின்னும் 70 விழுக்காடு, பக்கங்களில் 50 விழுக்காடு ஒளி ஊடுருவ வேண்டும் என்பது விதி. 2012இல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமுக்குத் தடை விதித்ததற்கும் அதுவே அடிப்படை.

தண்டையார்பேட்டை 540

மூவருக்கும் நன்றி. ஆர்சியை எடுத்துப் பார்த்தேன். சாஃப்ட் டாப் என்றுதான் இருக்கிறது. தொட்டியையும் குறுக்காக அளந்தேன். இரண்டு அளவுக்கும் கட்டைவிரல் அகல வேறுபாடு இருக்கிறது. பின்சக்கர வளைவுக்கு மேலே, பெயின்ட் உப்பியிருந்த இடத்தில் ஸ்குரூடிரைவரால் குத்தினால் உள்ளே போய்விடுகிறது.

இன்னும் இரண்டு ஐயங்கள். ஃபைபர் டாப் நன்றாக வார்த்ததா, கண்துடைப்பா என்பதைக் கடையில் நின்றபடியே எப்படிக் கண்டுபிடிப்பது? மேற்கூரை மட்டும் ஃபைபராகவும் பக்கங்கள் துணியாகவும் வைத்துக்கொள்ளும் கலப்பு முறையைச் சிலர் சொல்கிறார்கள். அது நடைமுறைக்கு ஒத்து வருமா?

காசிமேடு ஃபைபர்

ஐயா, நான் ஜீப்காரன் இல்லை. எங்கள் குடும்பத்தில் ஃபைபர் படகுக்கு ஒட்டுப் போடும் வேலை. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்களின் இடத்தை ஃபைபர் படகுகள் வெகுவாக எடுத்துக்கொண்டதால், இந்தக் கரையோரம் முழுவதும் ரெசின் வாசனைக்குப் பழகியவர்கள் இருக்கிறார்கள். ஜீப் டாப்பும் படகும் ஒரே பொருள்தான். மேட் என்ற கண்ணாடி இழை விரிப்பு, அதை இறுக்கும் ரெசின் என்ற பிசின், மேலே ஜெல் கோட் என்ற பளபளப்புப் பூச்சு.

கடையில் டாப்பைக் கவிழ்த்து வைக்கச் சொல்லி உட்புறத்தைப் பாருங்கள். ஜெல் கோட்டின் பளபளப்பு ஒன்றையும் சொல்லாது. வேலையின் தரம் உள்பக்கத்தில்தான் தெரியும். மேட் இழைகள் ரெசினில் முழுமையாக நனைந்து மங்கலான கண்ணாடிபோல் இருக்க வேண்டும். வெள்ளை வெள்ளையாக உலர்ந்த திட்டுகள் இருந்தால் அங்கே ரெசின் போதவில்லை. குழியில் தேங்கிப் பளபளத்தால் ரெசின் மிகுந்து மேட் குறைந்திருக்கிறது, அந்த இடம் நொறுங்கும். பிறகு ஒரு நாணயத்தால் பரப்பு முழுவதும் தட்டிக்கொண்டே போங்கள். ஒரே மாதிரி கணீரென்று ஒலித்துவந்தது திடீரென்று பொத்தென்று மாறினால், அடுக்குகள் ஒட்டாமல் நடுவில் காற்று இருக்கிறது. முகர்ந்தும் பாருங்கள், வார்த்து நாளாகியும் ரெசின் நெடி மூக்கில் ஏறினால் அது சரியாக இறுகவில்லை. அடைமழைக் காலத்தில் திறந்த கொட்டகையில் வார்த்ததை நாங்களே வாங்க மாட்டோம். ஈரம் ரெசினுக்கு ஆகாது.

கூரையின் உட்புறம் குறுக்கே எலும்புபோல் பட்டைகள் ஓட வேண்டும். அவை இல்லாத கூரையைக் கையால் அழுத்தினாலே அமுங்கும், ஓடும்போது படபடக்கும். ஜன்னல் வெட்டுகளின் மூலைகள் வட்டமாக இருக்கட்டும், செங்கோணமாக வெட்டிய மூலையில்தான் கீறல் பிறக்கிறது. போல்ட் வரும் இடங்களில் ஃபைபருக்குள்ளேயே தகட்டு வில்லை வைத்து வார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அகலமான வாஷராவது வேண்டும். வண்டியின் தொட்டிக்கும் டாப்புக்கும் நடுவே தடித்த ரப்பர் பட்டை போட்டு, அது சற்றே அமுங்கும் அளவுக்கு மட்டும் முடுக்குங்கள். தொட்டி முறுகும்போது அந்த ரப்பர்தான் அசைவை வாங்கிக்கொள்ளும். வெட்டிய விளிம்பையும் துளைகளின் உட்சுவரையும் ரெசின் தடவி அடைக்காமல் விட்டால் இழை வழியாகத் தண்ணீர் ஏறும்.

ஃபைபர் கூரை உயிர் காக்கும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வண்டி உருண்டால் அது தூள்தூளாகும். உள்ளே சேசிஸோடு பிணைத்த ரோல் கேஜ், அதாவது இரும்புக் குழாய்க் கூண்டு, வேண்டும். கேரியரையும் அந்தக் கேஜிலிருந்து எழுப்புங்கள். ஃபைபரில் நேரடியாகத் துளையிட்டு மாட்டாதீர்கள்.

ஒற்றியூரான்

கலப்பு முறை பற்றி: மேலே ஃபைபர், பக்கங்களில் துணி என்பது நம் ஊர் வெயிலுக்கு நல்ல ஏற்பாடுதான். ஹூட்டில் முதலில் சாவது மேல்பாகம், மழை ஒழுகுவதும் அங்கிருந்துதான். மேல்பாகம் ஃபைபரானால் பக்கத் திரைகளைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு பழவேற்காட்டுக் காற்றை வாங்கலாம். கோணல் தொட்டியும் தடையாகாது, ஏனென்றால் மேல்தட்டு முன்கண்ணாடிச் சட்டத்திலும், இருக்கைக்குப் பின்னால் வளைவாக நிற்கும் இரும்புக் குழாயான ரோல் பாரிலும்தான் உட்காரும். ஆனால் ஏசி கிடையாது, பூட்டும் கிடையாது. கழற்றக்கூடியது என்றாலும் ஆர்சி பற்றி மேலே சொன்னது இதற்கும் பொருந்துமா என்று ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

வெள்ளத்தையும் யாரும் பேசவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையில் வண்டிகள் மூழ்கிய தெருக்கள் எத்தனை! ஃபோமும் லைனிங்கும் ஒட்டிய ஹார்ட் டாப் வண்டிக்குள் தண்ணீர் புகுந்தால் அந்த ஈரம் வாரக்கணக்கில் உள்ளேயே ஊறி, தொட்டியின் தரையைத் தின்றுவிடும். ஹூட்டைக் கழற்றி வெயிலில் நிறுத்தினால் ஜீப் ஒரே பகலில் காய்ந்துவிடும். நீங்கள் எதைப் போட்டாலும், தரையில் உள்ள வடிகால் துளைகளின் ரப்பர் மூடிகள் கையால் கழற்ற வருகின்றனவா என்று இப்போதே பார்த்து வையுங்கள்.

ஸ்குரூடிரைவர் உள்ளே போகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குப் பிறகு டாப் பற்றிய பேச்சே இரண்டாம் பட்சம்தான். அழுகிய தொட்டியின்மேல் ஃபைபரைப் பூட்டினால், போல்ட் பிடித்திருக்கும் தகடு முதலில் கிழியும்.

தண்டையார்பேட்டை 540

அண்ணன் சொல்வதை ஏற்கிறேன். தொட்டியைக் கழற்றி, அழுகிய பாகங்களை வெட்டிப் புதுத் தகடு வைத்து, கோணலையும் நிமிர்த்தித் தருவதற்கு வியாசர்பாடியில் ஒரு டிங்கரிங் பட்டறையில் பேசியிருக்கிறேன். அந்த வேலை முடியும்வரை ஓட்டுவதற்குப் படுதாத் துணியில் மேல்பாகத்தை மட்டும் தைத்துக்கொள்வேன். பித்தளை பட்டன், பாலியஸ்டர் நூல் இரண்டையும் நானே வாங்கிக் கொடுக்கப் போகிறேன்.

தொட்டி நேரானதும் முழு ஃபைபர் டாப்பைப் போட்டு ஏசி வைக்கலாமா என்று முடிவு செய்வேன். ஆர்டிஓ அலுவலகத்துக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன்; எழுத்தில் பதில் வராமல் ஃபைபர் கடைக்கு முன்பணம் கொடுப்பதாக இல்லை. காசிமேடு ஐயா, அந்தப் பக்கம் டாப் பார்க்கப் போகும் நாளில் நேரமிருந்தால் நீங்களும் ஒரு நாணயத்தோடு உடன் வர இயலுமா?

காசிமேடு ஃபைபர்

தாராளமாக வருகிறேன், ஐயா. மீன்பிடித் தடைக்காலத்தில் கேட்காதீர்கள். படகுகள் எல்லாம் கரையேறி நிற்கும் அந்த நாட்களில்தான் எங்களுக்குத் தலைக்குமேல் வேலை. ஜூன் பதினைந்துக்குப் பிறகு, மழை தொடங்குவதற்குள் எந்த ஞாயிற்றுக்கிழமையும் சொல்லுங்கள்.